160 சென்ட் நிலம்: போன்கா மக்களும் நெப்ராஸ்கா விவசாயிகளும்

இந்த எபிசோடுல ஒரு பத்திரப்பதிவைப் பத்திப் பேசப் போறேன். வரலாறு பேசுற இடத்துல பத்திரப்பதிவு எதுக்குன்னு நினைக்காதீங்க. இந்த ஒரு பத்திரத்துக்குப் பின்னாடி 141 வருஷக் கதை இருக்கு.

2018 ஜூன் 10. அமெரிக்காவோட நடுப்பகுதியில நெப்ராஸ்கா மாநிலம். அங்க நீலின்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்குப் பக்கத்துல ஆர்ட் டாண்டரப், ஹெலன் டாண்டரப்னு ஒரு விவசாயத் தம்பதி. அவங்க தங்களோட பண்ணையில 1.6 ஏக்கர் நிலத்தை போன்கா பழங்குடி மக்களுக்கு எழுதிக் குடுத்தாங்க. 1.6 ஏக்கர்னா நம்ம கணக்குல 160 சென்ட். அமெரிக்கப் பண்ணைகளோட அளவுக்கு இது ஒரு மூலை நிலம், அவ்வளவுதான். ஆனா அந்தக் கையெழுத்து அமெரிக்கா முழுக்கச் செய்தியாச்சு. ஏன்னு புரியணும்னா, அந்த மண்ணுல முதல்ல யார் விதைச்சாங்கன்னு பார்க்கணும்.

அவங்களும் விவசாயிகள்தான்

நம்மள்ல நிறையப் பேருக்கு அமெரிக்கப் பழங்குடிகள்னா காமிக்ஸும் படமும்தான். லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவங்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் கௌபாய், இன்னொரு பக்கம் செவ்விந்தியர், நடுவுல தூசி. குதிரையில வர்றவங்க, வேட்டையாடுறவங்க, ஓரிடத்துல நிக்காதவங்க. இப்படி ஒரு படம் நம்ம மனசுல பதிஞ்சிருக்கு.

போன்கா மக்களை அந்தப் படத்துக்குள்ள அடைக்க முடியாது. நயோப்ராரா ஆறு மிசௌரி ஆத்தோட கலக்கிற இடம்தான் அவங்க ஊர். காட்டெருமை வேட்டைக்குப் போவாங்க, உண்மைதான். ஆனா வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி மக்காச்சோளம் விதைச்சிட்டுப் போவாங்க, திரும்பி வந்து அறுவடை பண்ணுவாங்க. 1870கள்ல அவங்ககிட்ட மரவீடுகள் இருந்துச்சு, கால்நடை இருந்துச்சு, உழவுக் கருவிகள் இருந்துச்சு. இதை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி வர்ற கதைக்கு இது முக்கியம். 'விவசாயிகள்', 'பழங்குடிகள்'னு நாம ரெண்டு கட்டமாப் பிரிக்கிறோம் இல்லையா? அந்தக் கோடே பிற்காலத்துல போட்டது.

1858ல போன்கா மக்கள் அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டாங்க. பெரும்பகுதி நிலத்தை விட்டுக் குடுத்துட்டு, ஒரு பகுதியை மட்டும் தங்களுக்குன்னு வெச்சுக்கிட்டாங்க. இப்படி ஒதுக்கின நிலத்தை அங்க ரிசர்வேஷன்னு சொல்றாங்க. நம்ம ஊர் இட ஒதுக்கீட்டோட இதைக் குழப்பிக்காதீங்க.

பத்து வருஷம் கழிச்சு, 1868ல, அதே அரசு லகோட்டா மக்களோட வேற ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. அதுல லகோட்டாக்களுக்குன்னு எழுதின எல்லைக்குள்ள போன்கா நிலமும் போயிடுச்சு. ஒரே நிலத்தை ரெண்டு பேருக்கு எழுதிட்டாங்க. நம்ம ஊர்ல இதை டபுள் டாக்குமென்ட்னு சொல்வோம். தப்பு அரசோடது. ஆனா அதைத் திருத்துறதுக்கு அரசு கண்டுபிடிச்ச வழி, போன்கா மக்களையே அந்த இடத்துலேர்ந்து கிளப்புறது.

1877: நடக்க வெச்சாங்க

1877 தொடக்கத்துல போன்கா தலைவர்கள் 10 பேரைத் தெற்கே கூட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கு ஓக்லஹோமான்னு சொல்ற பகுதி. புது நிலத்தைப் பாருங்க, பிடிச்ச இடத்தைத் தேர்ந்தெடுங்கன்னு சொன்னாங்க. தலைவர்கள் பார்த்தாங்க, பிடிக்கல, வேண்டாம்னு சொன்னாங்க. அப்படின்னா உங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட மாட்டோம்னு அதிகாரிகள் கையை விரிச்சுட்டாங்க. 8 பேர் குளிர்காலத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பினாங்க.

ஊர் வந்தும் பலனில்ல. அந்த வருஷம் ஏப்ரல், மே மாசங்கள்ல ராணுவத்தைக் கொண்டுவந்து எல்லாரையும் கிளப்பிட்டாங்க. சுமார் 700 பேர். விடாத மழை, சேறு, வெள்ளம், போற வழியில ஒரு சூறாவளியே அடிச்சது. போன்கா மக்கள் இந்தப் பயணத்தைத் தங்களோட கண்ணீர்ப் பாதைன்னு சொல்றாங்க.

கிளம்பின சில நாள்ல, நீலி ஊர்கிட்ட, ஒரு குழந்தை செத்துப் போச்சு. வயசு ஒண்ணரை. பேரு ஒயிட் பஃபலோ கேர்ள், வெள்ளைக் காட்டெருமைப் பெண்ணுன்னு அர்த்தம். நீலி அப்ப ஆரம்பிச்சு சில வருஷமே ஆன ஊர். குழந்தையை அங்கேயே புதைச்சாங்க. கூட்டம் நிக்க முடியாது, நடந்துகிட்டே இருக்கணும். அப்பா அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார்: என் குழந்தையோட கல்லறையை உங்க குழந்தைங்களோட கல்லறை மாதிரி பார்த்துக்கங்க, நான் திரும்பி வராமலே போகலாம்.

நீலி மக்கள் பார்த்துக்கிட்டாங்க. தலைமுறை தலைமுறையா அந்தக் கல்லறையில பூ வெச்சாங்க. 1913ல பளிங்குக் கல் நட்டாங்க. அந்தக் கல்லறையை இன்னைக்கும் அந்த ஊர் பராமரிக்குது.

இதை ரொம்ப நெகிழ்ச்சியான கதையாச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா எனக்கு இதுல ஒரு உறுத்தல் இருக்கு. கல்லறையைப் பார்த்துக்கிட்ட அதே நீலி சுத்துவட்டாரத்துலதான், பழங்குடிகள்கிட்டேர்ந்து எடுத்த நிலத்துல பண்ணைகள் வளர்ந்துச்சு. 1862ல வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, குடியேறி அஞ்சு வருஷம் விவசாயம் பண்ணினா 160 ஏக்கர் கிட்டத்தட்ட இலவசம். வந்தவங்கள்ல பலரும் ஐரோப்பாவுல வறுமையில கிடந்தவங்க, கெட்டவங்க இல்ல. நல்லவங்களா இருந்துகிட்டே, இன்னொருத்தர் இழந்த நிலத்துல வாழ முடியும். செத்த குழந்தைக்குப் பூ வைக்க முடிஞ்சது. உயிரோட இருக்கிறவங்க ஊர் திரும்பணும்கிற பேச்சுக்கு மட்டும் அங்க இடமில்லாம இருந்துச்சு.

மனுஷனா இல்லையா

தெற்கே போன போன்கா மக்களுக்கு முதல் ரெண்டு வருஷம் கொடுமையா இருந்துச்சு. மலேரியா, பசி. நூத்துக்கும் மேல செத்தாங்க. தலைவர்கள்ல ஒருத்தர் ஸ்டாண்டிங் பியர். நிற்கும் கரடின்னு அர்த்தம். அவரோட மகளை வழியிலேயே இழந்திருந்தார். 1878 டிசம்பர்ல மகன் பியர் ஷீல்டும் செத்தான். என்னை நம்ம ஊர்ல, முன்னோர்கள் இருக்கிற இடத்துல புதைங்கன்னு அவன் கேட்டிருந்தான்.

1879 ஜனவரி. பனிக்காலம். ஸ்டாண்டிங் பியர் மகனோட எலும்புகளை எடுத்துக்கிட்டு, சுமார் 30 பேரோட வடக்கே கிளம்பினார். 800 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் நெப்ராஸ்கா வந்து சேர்ந்தப்ப, அனுமதி இல்லாம ரிசர்வேஷனை விட்டு வந்ததுக்காக ராணுவம் பிடிச்சு வெச்சது.

டிபிள்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் இதை எழுதினார். ரெண்டு வக்கீல்கள் காசு வாங்காம ஆட்கொணர்வு மனு போட்டாங்க. 'ஜெய் பீம்' பார்த்தவங்களுக்கு ஆட்கொணர்வு மனுன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அரசுத் தரப்பு வாதம் என்ன தெரியுமா? இந்த மனுவைப் போட ஒரு 'இந்தியனுக்கு' உரிமையே கிடையாது, சட்டத்தோட பார்வையில அவன் அந்த அர்த்தத்துல 'நபர்' இல்ல.

1879 மே 12ல நீதிபதி எல்மர் டன்டி தீர்ப்பு சொன்னார்: இந்தச் சட்டத்தின்படி இந்தியனும் ஒரு நபர்தான், இவங்களைப் பிடிச்சு வைக்க அரசுக்கு அதிகாரம் இல்ல. அமெரிக்க வரலாற்றுல பெரிய தீர்ப்பு. ஆனா அது அந்த 30 பேருக்கு மட்டும்தான்னு அரசு எடுத்துக்கிச்சு. ஸ்டாண்டிங் பியரோட தம்பி பிக் ஸ்நேக், தனக்கும் அந்த உரிமை இருக்குன்னு நம்பி வேற இடத்துக்குப் போகப் பார்த்தார். அதே வருஷம் அக்டோபர்ல ராணுவ வீரர்கள் கையால செத்தார்.

ஸ்டாண்டிங் பியர் தன் ஆத்தங்கரைப் பக்கமே வாழ்ந்து 1908ல இறந்தார். போன்கா மக்கள் ரெண்டாப் பிரிஞ்சாங்க. ஒரு பகுதி நெப்ராஸ்கால, பெரும்பகுதி ஓக்லஹோமால. நெப்ராஸ்கா போன்காக்களை 1962ல ஒரு சட்டம் போட்டு, இனிமே இப்படி ஒரு பழங்குடியே கிடையாதுன்னு அரசு அறிவிச்சது. போராடி 1990ல அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கினாங்க. ரிசர்வேஷன் மட்டும் திரும்பக் கிடைக்கல.

பைப்லைன் வந்தது

இப்ப விவசாயிகள் பக்கம் வருவோம். 2008ல டிரான்ஸ்கனடா நிறுவனம் கீஸ்டோன் எக்ஸ்.எல். பைப்லைனுக்கு விண்ணப்பிச்சது. கனடாவோட ஆல்பர்ட்டாவுலேர்ந்து நெப்ராஸ்கா வரைக்கும் சுமார் 1,900 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 8,30,000 பேரல் எண்ணெய். நெப்ராஸ்கா விவசாயத்துக்கு உயிர்நாடி ஒகலாலா நிலத்தடி நீர். அதுக்கு மேலதான் இந்தக் குழாய் போகணும். கசிஞ்சா என்ன ஆகும்கிறது விவசாயிகளோட முதல் பயம்.

ரெண்டாவது பயம் நிலம். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னவங்க நிலத்துலயும் சட்டப்படி உரிமை எடுக்க அந்த நிறுவனத்தால முடியும். அங்க அதுக்கு எமினன்ட் டொமைன்னு பேரு. நம்ம ஊர்ல நில எடுப்பு. நோட்டீஸ் வரும், தொகை சொல்வாங்க, வேண்டாம்னாலும் எடுத்துக்குவாங்க. டாண்டரப் குடும்பத்தோட நிலமும் அந்தப் பாதையில இருந்துச்சு. ஹெலனோட குடும்பம் தலைமுறைகளா உழுத நிலம் அது.

அதே பைப்லைனை லகோட்டா, போன்கா மக்களும் எதிர்த்தாங்க. அவங்களுக்கும் தண்ணி பிரச்சனை. கூடவே முன்னோர்கள் நடந்த பாதை, புதைஞ்ச இடங்கள். 1877ல போன்கா மக்களை நடக்க வெச்ச பாதை டாண்டரப் பண்ணை வழியாத்தான் போகுது. இப்படித்தான் கௌபாய் இந்தியன் கூட்டணி உருவாச்சு. ஆமா, பேரே அதுதான். 1980கள்ல தெற்கு டகோட்டால ஆயுதச் சோதனைத் திட்டம் ஒண்ணை எதிர்த்து இதே பேர்ல ஒரு கூட்டணி இருந்துச்சு, அதோட தொடர்ச்சி மாதிரி. 2014 ஏப்ரல்ல இவங்க குதிரைகளோட வாஷிங்டன் போய், தலைநகரோட மைய மைதானத்துல டீப்பி கூடாரம் அடிச்சாங்க.

இதை 'எதிரிக்கு எதிரி நண்பன்'னு ஒரே வரியில முடிச்சிடலாம். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். தங்க நிலத்துக்கு நோட்டீஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல இருந்த பழங்குடி மக்களோட பேசாதவங்க, நோட்டீஸ் வந்ததும் கை கோக்குறாங்கன்னா, கேள்வி வரத்தான் செய்யும். ஆனா நோட்டீஸ் இன்னொரு வேலையும் செஞ்சது. காகிதத்தைக் காட்டி உன் நிலத்தை எடுக்க ஒருத்தரால முடியும்கிற உணர்வு அந்த விவசாயக் குடும்பங்களுக்குப் புதுசு. போன்கா மக்களுக்கு அது 1868லேர்ந்து பழக்கம். இது எங்களுக்குத் தெரியும்னு சொல்லக்கூடியவங்க பக்கத்துலயே இருந்தாங்க. கேக்குறதுக்குத்தான் விவசாயிகளுக்கு இவ்வளவு காலம் ஆச்சு.

விதை

2013 நவம்பர்ல டாண்டரப் பண்ணையில ஒரு முகாம் நடந்துச்சு. பழங்குடி மக்களும் விவசாயிகளும் சேர்ந்து தங்கினாங்க, பிரார்த்தனை பண்ணாங்க, பேசினாங்க. ஓக்லஹோமாவுலேர்ந்து வந்த மெகாசி ஹோரினெக் மாதிரியான போன்கா செயல்பாட்டாளர்களோட பேசினப்ப பிறந்ததுதான் அடுத்த யோசனை: போன்கா மக்களோட புனித மக்காச்சோளத்தை இந்த மண்ணுல திரும்ப விதைக்கலாமா?

2014 மே கடைசியில விதைச்சாங்க. டிராக்டர் இல்ல, மெஷின் இல்ல, கையால. போன்கா மக்களும் பண்ணைக் குடும்பங்களும் ஒரே வரிசையில குனிஞ்சு விதை போட்டாங்க. 137 வருஷத்துக்கு அப்புறம் போன்கா சோளம் போன்கா மண்ணுல விழுந்துச்சு.

நம்ம ஊர்ல விதைநெல்லுக்கு இருக்கிற மரியாதையை நினைச்சுப் பாருங்க. வீட்டுல எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதுல கை வைக்க மாட்டாங்க. அது அடுத்த வருஷத்தோட சொத்து. அந்த மாதிரி ஒரு விதையை, தன் மக்களை வெளியேத்தின மண்ணுல, அந்த மண்ணுக்கு இப்ப சொந்தக்காரரா இருக்கிற ஒரு வெள்ளைக்கார விவசாயியோட சேர்ந்து விதைக்கிறதுன்னா, அதுக்கு எவ்வளவு நம்பிக்கை வேணும்? இங்க பெரிய ரிஸ்க் எடுத்தது போன்கா மக்கள்தான்னு நான் நினைக்கிறேன்.

விவசாயி பண்ண வேண்டிய வேலை எளிமையானது, ஆனா தினசரி வேலை. களை எடுக்கணும், பூச்சி பார்க்கணும், மழை இல்லைன்னா கவலைப்படணும், விளைஞ்சதைச் சொந்தக்காரங்ககிட்ட சேர்க்கணும். அடுத்தடுத்த வருஷங்கள்லயும் விதைச்சாங்க. கூட்டத்துல ஒண்ணா நின்னு கோஷம் போடுறது ஒரு நாள் வேலை. ஒரு பயிரை ஒண்ணா வளர்க்கணும்னா மாசக்கணக்குல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசியாகணும். நான் முன்னாடி சொன்னேனே, போன்கா மக்களும் விவசாயிகள்தான்னு? ரெண்டு தரப்பும் அந்த உறவை விதை, மண்ணு, மழைன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பாஷையில ஆரம்பிச்சாங்க.

பத்திரம்

2015 நவம்பர்ல ஒபாமா பைப்லைனை நிராகரிச்சார். 2017 ஜனவரில டிரம்ப் திரும்ப உயிர் குடுத்தார். அதே வருஷம் நவம்பர்ல நெப்ராஸ்கா ஆணையம் 3க்கு 2ன்னு ஒரு மாற்றுப் பாதையை அனுமதிச்சது. டாண்டரப் நிலம் அப்பவும் தப்பிக்கல.

அந்த நேரத்துலதான் 2018 பத்திரம். சோளம் விளைஞ்ச அதே 1.6 ஏக்கரை நெப்ராஸ்கா போன்கா பழங்குடி அரசுக்கு எழுதிக் குடுத்தாங்க. பழங்குடித் தலைவர் லேரி ரைட் ஜூனியர் வாங்கிக்கிட்டார். இதுல ஒரு கணக்கும் இருந்துச்சு, மறைக்க வேண்டியதில்ல. ஒரு விவசாயி நிலத்துல குழாய் பதிக்கிறது ஒரு விஷயம், அங்கீகரிக்கப்பட்ட ஒரு பழங்குடி அரசோட நிலத்துல பதிக்கிறது சட்டரீதியா வேற விஷயம். பைப்லைன் நிறுவனத்துக்கு அது ஒரு கூடுதல் தலைவலி.

2021 ஜனவரி 20ல பைடன் அனுமதியை ரத்து பண்ணார். ஜூன் மாசம் நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது. ஆபத்து போயிடுச்சு. கூட்டணியோட சோதனை இங்கதான் இருக்கு. பொது எதிரி போனதும் நட்பும் போகிற கூட்டணிகளை நாம நிறையப் பார்த்திருக்கோம். ஆனா இங்க ஒரு வித்தியாசம்: பத்திரம் பதிவாயிடுச்சு. பைப்லைன் வந்தாலும் போனாலும் அந்த நிலம் போன்கா நிலம்தான். டாண்டரப் தம்பதிக்கு நாளைக்கே மனசு மாறினாலும், அவங்க பிள்ளைகளுக்கு இந்த உறவுல ஆர்வமே இல்லாமப் போனாலும், அந்த 160 சென்ட்டுக்குள்ள போன்கா மக்கள் யாரோட அனுமதியும் கேக்காம விதைக்கலாம்.

மரியாதைங்கிற வார்த்தையை நாம ரொம்ப சுலபமாப் பயன்படுத்துறோம். இந்தக் கதையில நான் பார்க்கிறது மூணு விதமான மரியாதை. கல்லறைக்குப் பூ வெச்சது நல்ல மனசு. அதுக்கு எந்த இழப்பும் தேவைப்படல. சேர்ந்து விதைச்சது உழைப்பு, நேரம். பத்திரம் எழுதினப்பதான் முதல்முறையா விவசாயி தரப்புல எதையோ திரும்ப வாங்க முடியாதபடி விட்டுக் குடுத்தாங்க. முதல் படிக்கும் மூணாவது படிக்கும் நடுவுல 141 வருஷம்.

இதைப் பெருசாக்கியும் பேசக்கூடாது. 1887ல வந்த நிலப் பிரிப்புச் சட்டத்துக்கு அப்புறம், 1934க்குள்ள அமெரிக்கப் பழங்குடிகள் கையில இருந்த நிலம் சுமார் 13.8 கோடி ஏக்கர்லேர்ந்து 4.8 கோடி ஏக்கராக் குறைஞ்சது. அதுக்கு முன்னாடி 1.6 ஏக்கர் ஒரு கணக்கே இல்ல. இந்த ஒரு தம்பதியைக் காட்டி, பார்த்தீங்களா, எல்லாம் சரியாயிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு அரசு செஞ்சதை ஒரு குடும்பத்தால சரிக்கட்ட முடியாது. ஒரு குடும்பத்தால முடிஞ்சது என்னன்னு காட்டத்தான் இந்தக் கதை.

2019 செப்டம்பர்ல ஸ்டாண்டிங் பியருக்கு வாஷிங்டன்ல, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துல, நெப்ராஸ்கா மாநிலம் சார்பா ஒரு வெண்கலச் சிலை வெச்சாங்க. அது பெரிய கௌரவம். ஆனா இந்த ரெண்டுல எதைப் போய்ப் பார்ப்பேன்னு யாராவது கேட்டா, நான் நீலி பக்கத்துல இருக்கிற அந்தச் சோளக்காட்டைத்தான் சொல்வேன். அறுவடை முடிஞ்ச நேரமா இருந்தாலும் பரவாயில்ல.

இந்த எபிசோடு அவ்வளவுதான். உங்க ஊர்ல, நீங்க இருக்கிற இடத்துல, உங்களுக்கு முன்னாடி அந்த நிலத்துல யார் இருந்தாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. தெரிஞ்சதை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.